பாஸ்வேர்டு அண்ணாச்சி

மே 2, செவ்வாய்

பாஸ்வேர்டு அடித்தது: ஒன்பது முறை.

இந்த டைரி மகள் கோமதி தந்தது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன், சும்மா இருக்கவில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி வேண்டும் அல்லவா? அதற்காக இன்று ஆரம்பிக்கிறேன்.

இப்போது நான் பாளையங்கோட்டையில் ஓர் ஒலி நூலகத்தில் கௌரவக் கணினிப் பொறுப்பாளர். பார்வையில்லாத மாணவர்களுக்காகத் தொண்டர்கள் பாடப் புத்தகங்களை உரக்க வாசித்துப் பதிவு செய்யும் இடம் அது. பதிவு அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டவன் நான். அதன் உள் டிஸ்க் சின்னது, எனவே அதில் ஒன்றையும் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நான். பதிவுகள் எல்லாம் பக்கத்தில் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போகவேண்டும். கம்ப்யூட்டர் எழும்பும்போதே அந்த டிஸ்க்கை ‘புத்தகம்’ என்ற ஃபோல்டரில் மாட்டிக்கொள்ளும். இதற்கான வரியை எங்கிருந்தோ பார்த்து எழுதி வைத்தேன். அந்த வரியின்படி டிஸ்க்கில் உள்ளதை யாரும் கேட்கலாம். புதிதாக எதையும் உள்ளே போட நிர்வாகிக்கு மட்டுமே அனுமதி.

நிர்வாகி நான்தான்.

எனவே ஒவ்வொரு பாடமும் முடிந்து சேமிக்கும் நேரத்தில் அறைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். “அண்ணாச்சி, பாஸ்வேர்டு போடுங்க.” நான் பேப்பரை மடித்து வைத்து, கண்ணாடியைத் துடைத்து, எழுந்து போவேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் பெரிய டாக்டர்கூட அந்த நடை நடக்க மாட்டார். விசைப்பலகையை உடம்பால் மறைத்துக்கொண்டு அடிப்பேன். பத்து இலக்கம். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

வரும் வழியில் கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். மனைவி செண்பகம் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவளே போனில் புக் பண்ணிவிட்டாள்.

மே 4, வியாழன்

பாஸ்வேர்டு: ஏழு.

பிலோமின் டீச்சர் இன்று ஒரு மனு கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்கள் வாசிப்பாளர்களில் நல்ல குரல் அவருக்குத்தான். ‘அத்தியாயம் ஒன்று’ என்று சொன்னாலே கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தோன்றும்.

“அண்ணாச்சி, நீங்க பத்து மணிக்குத்தான் வாரீய. நான் காலைல ஆறு மணிக்கே வந்து வாசிக்கலாம்னு பாக்கேன். சேவ் பண்ணுததுக்கு எங்களுக்கே ஒரு அனுமதி குடுத்திருங்களேன்.”

“அது பாதுகாப்புப் பிரச்சினை டீச்சர்.”

“யாரு வந்து என்னத்தத் தூக்கிட்டுப் போகப் போறா? எல்லாம் பாடப் பொஸ்தகம்தான.”

நான் சிரித்தேன், விவரம் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினார். எலுமிச்சைக் காயளவு ஒரு கட்டி. தைராய்டு. இருபத்தாறாம் தேதி ஆபரேஷன்.

“குரல் நரம்புக்குப் பக்கத்துல இருக்காம். பொறவு கொஞ்ச மாசத்துக்குக் குரல் கம்மலா இருக்குமாம். பழைய மாதிரி வராமலே போனாலும் போகும்னு டாக்டர் சொல்லுதாரு. அதுக்குள்ள பொன்மாரிக்கு அந்த உளவியல் பொஸ்தகத்த முடிச்சுக் குடுத்திரணும். அறுவத்திரண்டு பாடம் கெடக்கு.”

பொன்மாரி எங்கள் உறுப்பினர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு கம்பெனியில் போன் எடுத்துப் பதில் சொல்லும் வேலை. ஜூன் பதினெட்டில் ஆசிரியர் தேர்வு எழுதுகிறாள். மூன்றாவது தடவை. போன தடவை கல்வி உளவியல் தாளில்தான் நாலு மதிப்பெண்ணில் போயிற்று. அந்தப் புத்தகம் ஒலிவடிவில் எங்கும் கிடையாது.

“பார்க்கிறேன்” என்றேன். அரசாங்க வேலையில் நான் கற்றுக்கொண்ட சொற்களில் தலைசிறந்தது இதுதான்.

மே 5, வெள்ளி

பார்த்தேன்.

‘புத்தகம்’ ஃபோல்டருக்கு 777 கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம். கட்டளையைக் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. டீச்சரைச் சேமிக்கச் சொன்னேன். அனுமதி இல்லை என்றது. மறுபடி 777. மறுபடியும் இல்லை. என் வீட்டில் நான் சொல்வதற்கு நடக்கிற மாதிரியே நடக்கிறது. ‘சரி’ என்று சொல்வார்கள். ஒன்றும் மாறாது.

இணையத்தில் தேடினேன். அந்த டிஸ்க் விண்டோஸ் பாணியில் அமைத்தது. அதற்கு 777 செல்லாது. நான் எங்கிருந்தோ பார்த்து எழுதிய அந்த வரியைத்தான் திருத்தவேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். பாதியில் மூடிவிட்டேன். நான் எழுதிய வரியில் தப்பு கண்டுபிடிக்க இவர்கள் யார்?

உண்மையில் அந்த வரியை ஒரு முறை தொட்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைச் செருகாத நாளில் கம்ப்யூட்டர் எழும்பாமல் அடம்பிடித்தது. டிஸ்க் இல்லாவிட்டாலும் முணுமுணுக்காமல் எழும்பு என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அதிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. அந்தப் பெருமையை எழுதி வைக்க இதுவரை டைரி இல்லாமல் போயிற்று.

மே 6, சனி

மோட்டார் பழுது. மாடி டேங்கில் தண்ணீர் இல்லை. நான் கழற்றினேன். பிறகு மெக்கானிக் வந்து, நான் கழற்றியதையும் சேர்த்துப் பழுது பார்த்தார்.

மே 8, திங்கள்

வெற்றி!

நாளை சென்னை போகவேண்டும். கோமதி வீடு மாற்றுகிறாள். திரும்ப இரண்டு வாரம் ஆகும். அதுவரை பாஸ்வேர்டு போட ஆள் ஏது? எனவே இன்று முடித்தே தீருவது என்று எட்டு மணிக்கே போனேன்.

நூலகத்தில் வெள்ளையடிப்பு. புத்தகம் வழங்கும் பகுதியை இருபதாம் தேதி வரை மூடிவிட்டார்கள். பதிவு அறை மட்டும் உண்டு, அதுவும் டீச்சருக்கு மட்டும். துப்புரவு பார்க்கும் மாடத்தி, கம்ப்யூட்டர் மேசையைச் சுவரிலிருந்து நடு அறைக்கு இழுத்துப் போட்டு, சுண்ணாம்பு படாமல் ஹார்ட் டிஸ்க்கைத் துணி போட்டு மூடியிருந்தாள். கம்ப்யூட்டரை எழுப்பினேன். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் 777 அடித்தேன். சாதாரண ஆளாக உள்ளே போய் ‘சோதனை’ என்று ஒரு கோப்பு போட்டேன். விழுந்தது!

வெள்ளிக்கிழமை மாட்டேன் என்றது திங்கட்கிழமை ஏன் சரி என்றது? தெரியவில்லை. விடாமுயற்சி என்று வைத்துக்கொண்டேன்.

டீச்சர் வந்து திறந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “எனக்குன்னு தனியா சுத்தமா ஒரு எடம் ஒதுக்கிக் குடுத்திட்டியளே அண்ணாச்சி! பழசு ஒண்ணும் கலக்காம.”

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டு என்று மட்டும் புரிந்தது. “உங்களுக்காகத்தான் டீச்சர்” என்றேன்.

மே 9, செவ்வாய்

ரயில். பாஸ்வேர்டு: 0.

மே 13, சனி. சென்னை.

வீடு மாற்றும் கம்பெனிக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். நான் சுத்தியலுடன் தயாராக நின்றேன். “அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கங்க” என்றார்கள். தள்ளிக்கொண்டேன். மருமகன் ஃபேன், லைட் எல்லாவற்றையும் போனிலேயே போடுகிறார். எனக்கு சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் குளியலறையில் இருட்டில் குளித்தேன்.

டீச்சர் போன் செய்தார். இருபத்திரண்டு பாடம் முடிந்ததாம். காலை ஆறு மணிக்கே போய்விடுகிறாராம்.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் அடிக்கடி ‘இடம் குறைவு’ன்னு ஒரு கட்டம் காட்டுது.”

“அது அப்படித்தான் காட்டும். சரின்னு அமுக்கிட்டுப் போங்க.”

ஹார்ட் டிஸ்க்கில் கடல் மாதிரி இடம் கிடக்கிறது. கம்ப்யூட்டருக்கே ஒன்றும் தெரியவில்லை.

மே 17, புதன்

கோமதி கேட்டாள், “அப்பா, உங்களுக்கு போர் அடிக்குதா?” இல்லை என்றேன். டிவி ரிமோட்டின் பாட்டரியை மாற்றினேன். பழைய பாட்டரி நன்றாகத்தான் இருந்தது.

மே 20, சனி

ஊர் வந்து சேர்ந்தேன். டீச்சர் அறுபத்திரண்டையும் முடித்துவிட்டாராம். போனிலேயே குரல் சோர்ந்திருந்தது. “சந்தோசமா இருக்கு அண்ணாச்சி. இனி என்ன ஆனாலும் சரி.”

மே 22, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வெள்ளையடிப்பு முடிந்து மாடத்தி மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளி, வயர்களை எல்லாம் செருகி வைத்திருந்தாள். கம்ப்யூட்டரை எழுப்பினேன். ‘புத்தகம்’ ஃபோல்டரைத் திறந்தேன். பழைய புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. உளவியல் இல்லை. ஒரு பாடம்கூட இல்லை.

தேடினேன். பெயரைப் போட்டுத் தேடினேன். குப்பைத் தொட்டியில் தேடினேன். பதினோரு மணிக்கு டீச்சர் பொன்மாரிக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார்.

“டீச்சர், ஒவ்வொரு பாடமும் முடிஞ்சதும் சேவ் பண்ணினீங்களா?”

“பண்ணினேன் அண்ணாச்சி.”

“பேசி முடிச்சு அப்படியே மூடியிருந்தா அது போயிரும். அதான் கேட்கிறேன்.”

“சேவ் பண்ணினேன். அடுத்த நாள் வந்து அங்கன இருக்கான்னும் பாத்தேன்.”

“இருந்திருந்தா இப்பவும் இருக்கணும்லா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “மருந்து வேற சாப்பிடுதேன். மறந்துட்டனோ என்னமோ” என்றார். மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. எட்டாம் தேதி நான் போட்ட அந்த ‘சோதனை’ கோப்பையும் காணோம். நானே அழித்திருப்பேன்.

மே 23, செவ்வாய்

பாஸ்வேர்டு: பதினொன்று.

எழுதும் அனுமதி இப்போது மறுபடியும் இல்லை என்கிறது. ஏன் என்று நான் ஆராயவில்லை. செயலாளர் கேட்டார், மற்ற வாசிப்பாளர்கள் கேட்டார்கள், டீக்கடையில்கூடக் கேட்டார்கள். “அனுமதியைத் திறந்துவிட்டால் இப்படித்தான். டீச்சர் சேவ் பண்ண மறந்துட்டாங்க” என்று எல்லோருக்கும் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர்.

டீச்சர் காலையில் வந்து முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மூன்று பாடம்தான் முடிந்தது. நாலாவதில் குரல் அடைத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு, நான் சேமித்த பிறகு, “விழுந்திட்டான்னு பாருங்க அண்ணாச்சி” என்றார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் கூட்டல் கழித்தலைத் திருத்தியவர். தன் கையையே நம்பாமல் நின்றார்.

மதியம் சாதத்தை அப்படியே மூடி வைத்தேன். மோர் குடித்தேன்.

மே 24, புதன்

பொன்மாரி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“மறந்திருப்பேன்னு சொன்னாங்க. வயசாயிட்டுல்லா.”

“டீச்சரா? எங்க வீட்டு கேட்ட சாத்தினமான்னு ரெண்டு தடவ திரும்பி வந்து பாக்குத ஆளு அண்ணாச்சி அவங்க.”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். அவளுக்கு அது தெரியாது என்பது வசதியாக இருந்தது. இப்படி எழுதுகிறேனே, எவ்வளவு கேவலம்.

கம்ப்யூட்டர் ‘இடம் குறைவு’ என்று மூச்சுக்கு மூச்சு காட்டுகிறது. அதில் கிடந்த என் பழைய சினிமாப் பாட்டுகளை எல்லாம் அழித்தும் தீரவில்லை. உள் டிஸ்க்கை முழுக்கத் துடைத்து நாளை லினக்ஸைப் புதிதாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். புதிதாகப் போட்டால் மனசும் லேசாகும்.

செண்பகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எதற்கும் அதிகம் பேச மாட்டாள். “டீச்சர் தப்புன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிய?” என்றாள்.

“வேற யார் தப்பா இருக்க முடியும்?”

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

மே 25, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதவேண்டும்.

பத்து மணிக்கு லினக்ஸ் பென்டிரைவைச் செருகினேன். உள் டிஸ்க்கைத் துடைக்க இன்னும் இரண்டு தட்டுதான் பாக்கி. அப்போது பொன்மாரி வந்தாள். டீச்சர் செவ்வாய்க்கிழமை வாசித்த மூன்று பாடத்தையாவது பிரதி எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாள். அவள் வேலை முடியட்டும் என்று பென்டிரைவைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரை வழக்கம்போல் எழுப்பி, நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன்.

அவள் திரையைப் பார்ப்பதில்லை. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடாது. கறுப்புத் திரையில் படபடவென்று ஏதோ அடித்தாள். கேட்டாள். மறுபடி அடித்தாள்.

“அண்ணாச்சி, உள் டிஸ்க் தொண்ணூத்தேழு சதம் நெறஞ்சு கெடக்கு. நீங்க அதுல ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கியள்லா? பொறவு என்னத்த வச்சு நெறஞ்சிச்சு?”

“பழசாயிட்டு தாயி. அதான் துடைச்சுப் புதுசா போடப் போறேன்.”

“இருங்க, இருங்க. ஒவ்வொரு ஃபோல்டரா கூட்டிப் பாத்தேன். இருக்குததா சொல்லுத அளவுல பாதிதான் வருது. மிச்சம் எங்க இருக்குன்னே தெரியல. எனக்குத் தெரியலன்னா சரி. கம்ப்யூட்டருக்கும் தெரியலன்னா எப்படி?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க அனுமதி குடுத்த அன்னைக்கு, ஹார்ட் டிஸ்க் மாட்டி இருந்துச்சா?”

“இருந்தது. மாடத்தி துணி போட்டு மூடி...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மாடத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மேசைய இழுத்தப்ப வயர் எட்டல அண்ணாச்சி. அந்தச் செங்கல்லோட வயர உருவிட்டேன். பொறவு மேசையத் திரும்பப் போட்டப்பதான் செருகினேன். ஏன், அது ஓடாம இருந்தா உங்களுக்குத் தெரியுமில்லா?”

தெரிந்திருக்கவேண்டும்.

“டிஸ்க்க அந்த ஃபோல்டர்ல இருந்து கழத்துங்க அண்ணாச்சி” என்றாள் பொன்மாரி.

கழற்ற நிர்வாகியின் பாஸ்வேர்டு வேண்டும். அவளை நாற்காலியிலிருந்து எழுப்பாமல் பக்கவாட்டில் குனிந்து அடித்தேன். அவள் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு ஓடியது. அது எதற்கு என்று அப்போது புரியவில்லை. டிஸ்க் கழன்றது. இப்போது ‘புத்தகம்’ வெறும் ஃபோல்டராக இருக்கவேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். கம்ப்யூட்டர் வாசித்தது. நானும் கேட்கவேண்டும் என்று வேகத்தைக் குறைத்து வைத்தாள்.

“சோதனை. பாடம் ஒன்று. பாடம் இரண்டு. பாடம் மூன்று...”

அறுபத்திரண்டும் இருந்தன.

தரையில் சாமான் கிடக்கும்போதே மேலே ஜமக்காளத்தை விரித்த கதை. டிஸ்க் மாட்டாத அன்று நான் அனுமதி கொடுத்தது டிஸ்க்குக்கு அல்ல. அது மாட்டவேண்டிய காலி ஃபோல்டருக்கு. டீச்சர் அத்தனை நாளும் அந்தக் காலி இடத்தில், நான் ஒன்றும் வைக்காதே என்று சட்டம் போட்ட அதே உள் டிஸ்க்கில், ஒழுங்காகச் சேமித்திருக்கிறார். டிஸ்க் வந்து மேலே உட்கார்ந்ததும் அடியில் இருந்தது கண்ணுக்கு மறைந்துவிட்டது. டிஸ்க் இல்லாவிட்டாலும் முணுமுணுக்காதே என்று கம்ப்யூட்டரின் வாயை அடைத்து வைத்தவனும் நான். இன்னும் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் டீச்சரின் குரலை என் கையாலேயே துடைத்திருப்பேன்.

மாடத்தி தண்ணீர் கொண்டுவந்தாள்.

பொன்மாரிக்கு எல்லாவற்றையும் அப்போதே பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு, ஒலி சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டேன். முப்பத்தேழாம் பாடத்தில் நடுவே வாசிப்பு நின்று, டம்ளர் வைக்கும் சத்தம். டீச்சர் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார், பதிவை நிறுத்தவில்லை. மாடத்தியின் குரல்:

“டீச்சர், பத்து நாளைக்கு முன்ன வரைக்கும் பாடத்துக்கு ஒருக்க அந்த அண்ணாச்சியக் கூப்புட்டுக்கிட்டே கெடந்தியளே. அந்த நம்பரத்தான் அவரு வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிக்காரே. எனக்கே மனப்பாடம்.”

“எனக்கும் ரெண்டு வருசமாத் தெரியும்.”

“பொறவு எதுக்குக் கூப்புட்டிய?”

“அவரு பேப்பர மடிச்சு வச்சிட்டு எந்திரிச்சு வருவாருல்லா, அப்ப மொகத்தப் பாத்திருக்கியா? வீட்டுல அவரக் கூப்புட யாரு இருக்கா? மக சென்னைல. சம்சாரம் வேலைக்குப் போயிரும். நாலு தடவ கூப்புட்டா நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“இப்ப கூப்புடாம ஆக்கிட்டியளே.”

“எனக்கு நாள் இல்லையே மாடத்தி. ஆபரேஷன் முடிஞ்சு வந்து வேற எதுக்காவது கூப்புட்டுக்கலாம்.” ஒரு இருமல். “பாடம் முப்பத்தேழு, தொடர்ச்சி.”

எக்ஸ்சேஞ்சில் எண்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லியே சரிபார்ப்போம். இருபத்தெட்டு வருடப் பழக்கம். வாய்க்குள் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

உடனே டீச்சருக்குப் போன் போட்டேன். மகன் எடுத்தான். நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். ஊசி போட்டுத் தூங்குகிறாராம். காலை ஏழு மணிக்குத் தியேட்டர்.

“அம்மாகிட்ட ஏதும் சொல்லணுமா சார்?”

ஒரு தப்பை இன்னொருத்தர் வாயில் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. மறந்துவிட்டோமோ என்ற நினைப்போடுதான் அவர் நாளை கத்திக்குக் கீழே போவார். சொல்லியிருக்கவேண்டும். இதிலும் கௌரவம் பார்த்திருக்கிறேன்.

மே 26, வெள்ளி

ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு மகன் வந்து, நல்லபடியாக முடிந்தது, குரல் எப்படி என்று பிறகுதான் தெரியும் என்றான். நான் ஏன் அழுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

மதியம் அந்த எட்டுப் பேரில் ஆறு பேரைப் பார்த்தேன். டீக்கடைக்காரர் உட்பட. தப்பு டீச்சருடையது இல்லை, என்னுடையது என்றேன். டீக்கடைக்காரருக்கு நான் முதலில் என்ன சொன்னேன் என்பதே ஞாபகம் இல்லை. அதையும் சொல்லி, இதையும் சொன்னேன்.

மே 27, சனி

செண்பகமும் கூட வந்தாள். லீவு போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, “நீங்க பாதியில திரும்பிராம இருக்கணும்லா” என்றாள்.

டீச்சர் கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து நாளைக்குப் பேசக் கூடாது. கையில் ஒரு பரீட்சை அட்டையும் பேனாவும். நான் நின்றுகொண்டே சொன்னேன். டிஸ்க், வயர், 777, ஜமக்காளம், எல்லாம். எட்டுப் பேரிடம் சொன்னதையும் சொன்னேன். பாடங்கள் பொன்மாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டன என்றதும் அவர் கண் நிறைந்தது. பிறகு அட்டையை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற அந்த உருண்டை எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்.

‘சேவ் பண்ணினேன்னு சொன்னேன்லா.’

“சொன்னீங்க டீச்சர்” என்றேன். “மன்னிச்சிருங்க.”

முப்பத்தேழாம் பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது பதிவானதே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

மே 29, திங்கள்

பாஸ்வேர்டு: ஒரே ஒரு முறை.

அந்த வரியைத் திருத்த. நான் மூடிவிட்டுப் போன பக்கத்தைத் திறந்து கடைசி வரை வாசித்தேன். வாசிப்பாளர்கள் எல்லோரையும் ஒரு குழுவாக்கி, டிஸ்க் மாட்டும்போதே அந்தக் குழுவுக்கு எழுதும் உரிமை கிடைக்கும்படி வைத்தேன். பத்து நிமிட வேலை. இரண்டு வருடமாகச் செய்யாத பத்து நிமிட வேலை. டிஸ்க் மாட்டாமல் போனால் காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டினேன். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘பிலோமின் டீச்சர் எல்லாப் பாடங்களையும் முறையாகச் சேமித்திருந்தார். டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காதது நான். இனி யாவரும் தாமே சேமிக்கலாம். – ப. குற்றாலிங்கம்.’

பிறகு பேப்பர் படித்தேன். பதினொரு மணிக்கு விளம்பரங்கள் வரை படித்து முடித்துவிட்டேன். உள்ளே இரண்டு பேர் வாசித்தார்கள், சேமித்தார்கள், போய்விட்டார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பொன்மாரி போன் செய்தாள்.

“அண்ணாச்சி, முப்பத்தேழாம் பாடத்துல நடுவுல ஒரு பேச்சு விழுந்து கெடக்கு.”

அவளுக்குக் கொடுக்கும் முன் கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டல்லவா கேட்டேன். முகம் சூடானது. “கேட்டுட்டியா?” என்றேன்.

“கேட்டேன். எனக்கும் அந்த நம்பர் தெரியும் அண்ணாச்சி. நீங்க சொல்லாட்டாலும் தட்டுத சத்தத்துலயே தெரியும்.”

“அத வெட்டிரு தாயி. வேற பிள்ளைகளுக்கும் போற பாடம். இப்ப எல்லாருக்கும் அனுமதி இருக்கு, இங்க இருக்குறதையும் வந்து நீயே வெட்டிரு.”

“வெட்டச் சொல்லாதீய அண்ணாச்சி. அது என்ன பாடம்னு பாத்தியளா? மனிதத் தேவைகள். சோறு, தண்ணி, பாதுகாப்பு எல்லாம் சொல்லிட்டு, நாலாவதா ‘பிறரால் மதிக்கப்படும் தேவை’ன்னு வாசிச்சு நிறுத்தியிருக்காங்க. போன தடவை அந்தக் கேள்விலதான் உதாரணம் எழுதத் தெரியாம மார்க்க விட்டேன். இப்ப டீச்சரே உதாரணத்தோட குடுத்திருக்காங்க. ஜென்மத்துக்கும் மறக்காது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடத்தி என்னவென்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

“சரி, எழுது தாயி” என்றேன். “பரீட்சைத் தாள்ல என் பேரை மட்டும் போட்டுராதே.”